ஜன்னலா, சுவரா... எதை முதலில் மாத்துறது? பிரிட்டனில் பழைய வீடு வாங்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிரிட்டனில் அரசு ஆதரவுத் திட்டங்கள் மூலம் வெளிச்சுவருக்கு இன்சுலேஷன் போடப்பட்ட வீடுகளில் 98 சதவீதத்தில், சரிசெய்தே ஆக வேண்டிய பெரிய குறைகள் இருக்கின்றன. 2025 அக்டோபரில் அந்நாட்டின் தேசிய தணிக்கை அலுவலகம் வெளியிட்ட மதிப்பீடு இது. 22,000 முதல் 23,000 வீடுகள் வரை இந்தக் கணக்கில் வருகின்றன. அப்படியே விட்டால் சுவரில் ஈரமும் பூஞ்சையும் வரக்கூடிய குறைகள் இவை.

குளிர் குறையும், கேஸ் பில் குறையும் என்று நம்பிப் போட்டது எப்படி இப்படி ஆனது? தொழில்நுட்பம் புதிதல்ல. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில் பல பத்தாண்டுகளாக இருப்பதுதான். திட்டமிடுவதிலும் வேலையைச் செய்வதிலும்தான் கோளாறு.

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங், குரோய்டன் என்று லண்டனில் தமிழர்கள் அதிகம் வசிக்கும் பல பகுதிகளில் இருப்பவை நூறு வயதை நெருங்கிய, அல்லது தாண்டிய செங்கல் வீடுகள். ஐ.டி., மருத்துவத் துறை வேலைக்குப் போய், சில வருஷம் வாடகைக்கு இருந்து, கடன் வாங்கி இப்படி ஒரு வீட்டை வாங்குபவர்களுக்கு முதல் குளிர்காலமே பாடம் எடுத்துவிடும். ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், சுவரைத் தொட்டால் சில்லென்று இருக்கும். அப்போது வீட்டில் எழும் பேச்சு பெரும்பாலும் இதுதான்: "ஏங்க, இப்போதைக்கு ஜன்னலை மட்டும் மாத்திடுவோம். சுவரை அப்புறம் பாத்துக்கலாம்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு முடிவில்தான் பல வீடுகள் மாட்டிக்கொள்கின்றன. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், உங்க வீட்டுச் சுவர் எந்த வகை?

பிரிட்டனில் செங்கல் சுவர் பெரும்பாலும் இரண்டு வகை. 1920களுக்கு முன் கட்டிய வீடுகளில் பொதுவாக இருப்பது முழுச் சுவர். சுமார் 22 செ.மீ. தடிமன், நடுவில் இடைவெளி கிடையாது. அதற்குப் பிறகு கட்டிய வீடுகளில் இரண்டு அடுக்குச் செங்கல், நடுவில் ஒரு காற்று இடைவெளி. இதை கேவிட்டி சுவர் என்பார்கள். 1930களின் வீடுகளில் இரண்டு வகையும் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? பூச்சு இல்லாத சுவராக இருந்தால் செங்கல் வரிசையைப் பாருங்கள். எல்லாச் செங்கலும் நீளவாக்கில் மட்டுமே தெரிந்தால் அது கேவிட்டி சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். நீளமான செங்கல், குட்டையான செங்கல் என்று மாறி மாறித் தெரிந்தால் முழுச் சுவர். பூச்சு இருந்தால் கதவு அல்லது ஜன்னல் ஓரத்தில் சுவரின் தடிமனை அளந்து பாருங்கள். செங்கல் மட்டும் 26 செ.மீ.க்கு மேல் இருந்தால் கேவிட்டியாக இருக்கலாம்.

இது ஏன் முக்கியம்? கேவிட்டி சுவர் என்றால் அந்த இடைவெளியை நிரப்புவதே பல வீடுகளில் மலிவான முதல் வழி. நிரப்பாத கேவிட்டிக்கு மேல் வெளியே இன்சுலேஷன் ஒட்டினால், நடுவில் குளிர்காற்று சுற்றிக்கொண்டே இருக்கும்; போட்ட பணத்துக்குப் பலன் குறையும். வெளிச்சுவர் இன்சுலேஷன் முக்கியமாக முழுச் சுவர் வீடுகளுக்கானது.

வெளிச்சுவர் இன்சுலேஷன்னா என்ன?

வீட்டுக்கு ஸ்வெட்டர் போடுவது மாதிரிதான். பழைய சுவரின் வெளிப்பக்கத்தில் 6 முதல் 10 செ.மீ. வரையோ அதற்கு மேலோ தடிமனுள்ள பலகைகளைப் பசை போட்டு ஒட்டி, நீளமான பிளாஸ்டிக் ஆணிகளால் இறுக்குவார்கள். அதன் மேல் வலை பதித்த ஓர் அடிப்பூச்சு. கடைசியில் மழை தாங்கும் நிறப்பூச்சு.

உள்பக்கத்திலும் இன்சுலேஷன் போடலாம். ஆனால் அறையின் அளவு குறையும், அலமாரி, பிளக் பாயிண்ட், ஹீட்டர் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். வெளியே போட்டால் வீட்டில் குடியிருந்துகொண்டே வேலையை முடிக்கலாம். செங்கல் சுவர் முழுக்க வெப்பத்துக்குள் வந்துவிடுவதால், அதில் சேரும் வெப்பம் வீட்டுக்குள்ளேயே தங்கும்.

சுவரில் எவ்வளவு வெப்பம் போகுது, ஜன்னலில் எவ்வளவு?

வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை யு-வேல்யூ என்ற எண்ணால் சொல்வார்கள். எண் குறைவாக இருந்தால் நல்லது. இன்சுலேஷன் இல்லாத 22 செ.மீ. செங்கல் சுவருக்கு இது சுமார் 1.7. இங்கிலாந்தின் கட்டட விதிகள் பழைய சுவரை மேம்படுத்தும்போது எதிர்பார்ப்பது 0.3. ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்குச் சுமார் 4.8, பழைய இரட்டைக் கண்ணாடிக்குச் சுமார் 2.8, இப்போது புதிதாக மாட்டும் ஜன்னலுக்கு 1.4.

வரிசையின் கடைசியில் இருக்கும் ஒரு டெரஸ் வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவர் 80 சதுர மீட்டர், ஜன்னல்கள் மொத்தம் 15 சதுர மீட்டர். உள்ளே 20 டிகிரி, வெளியே 5 டிகிரி. வித்தியாசம் 15 டிகிரி. பரப்பு, யு-வேல்யூ, வெப்பநிலை வித்தியாசம் மூன்றையும் பெருக்கினால் இழப்பு கிடைத்துவிடும்.

• சுவர், இப்போது: 80 × 1.7 × 15 = 2,040 வாட்
• சுவர், இன்சுலேஷனுக்குப் பிறகு: 80 × 0.3 × 15 = 360 வாட்
• பழைய இரட்டைக் கண்ணாடி: 15 × 2.8 × 15 = 630 வாட்
• புதிய ஜன்னல்: 15 × 1.4 × 15 = 315 வாட்

சுவரில் மிச்சம் 1,680 வாட். ஜன்னலில் 315 வாட்தான். ஒற்றைக் கண்ணாடியிலிருந்து மாறினால்கூட ஜன்னலில் மிச்சம் 765 வாட். சதுர மீட்டர் கணக்கில் ஜன்னல் மோசம்தான். ஆனால் பரப்பில் சுவர் பல மடங்கு பெரியது. அதனால் வெப்பம் அதிகம் ஒழுகும் இடம் சுவர்.

மூன்று அடுக்குக் கண்ணாடி போட்டால்? யு-வேல்யூ 0.9 என்று வைத்தால் இதே வீட்டில் கூடுதல் மிச்சம் சுமார் 110 வாட். சத்தம் அதிகமுள்ள சாலை, ஜன்னலை ஒட்டியே படுக்கை என்றால் யோசிக்கலாம். பில்லை மட்டும் பார்த்தால் அந்தக் கூடுதல் பணத்தைச் சுவரில் போடுவது லாபம்.

சரி, ஜன்னலை மட்டும் இப்போ மாத்தினா என்ன தப்பு?

குளிர்காலக் காலையில் பழைய ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்திருப்பீர்கள். சமையல், குளியல், துணி காயவைப்பது, மூச்சு என்று வீட்டுக்குள் சேரும் ஈரம், இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய்த் தண்ணீராகும். 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், ஒரு பரப்பு 12 டிகிரிக்குக் கீழே போனால் அதில் தண்ணீர் துளிர்க்கும். பூஞ்சைக்கு அவ்வளவு குளிர்கூட வேண்டாம். பரப்பு 15 டிகிரியை ஒட்டியே நாள்கணக்கில் இருந்தால் போதும்.

மேலே சொன்ன வீட்டில் ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் சுமார் 10 முதல் 11 டிகிரி இருக்கும். சுவரின் உள்பக்கம் சுமார் 16 முதல் 17 டிகிரி. எனவே ஈரம் கண்ணாடியில் படிகிறது. துணியால் துடைத்தால் போச்சு.

இப்போது ஜன்னலை மட்டும் மாற்றுங்கள். புதுக் கண்ணாடியின் உள்பக்கம் 17 டிகிரியைத் தாண்டும். இனி வீட்டிலேயே குளிர்ந்த இடம் சுவர். அதிலும் மூலைகள், பீரோவுக்குப் பின்பக்கம், கட்டிலின் தலைமாட்டுப் பகுதி எல்லாம் சமச்சுவரைவிட இன்னும் குளிர்ச்சி. முன்பு ஜன்னல் இடுக்கு வழியாக ஈரக்காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது. புது ஜன்னல் இறுக்கமாக மூடிக்கொள்வதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. ஈரம் கண்ணாடியை விட்டுவிட்டுச் சுவருக்கு இடம் மாறுகிறது. "புது ஜன்னல் போட்ட பிறகுதான் சுவர் கறுக்க ஆரம்பிச்சுது" என்று சொல்கிறவர்கள் கற்பனையாகச் சொல்லவில்லை. காரணம் இதுதான்.

ஜன்னல் ஓரத்தில் இருக்கும் அந்த நாலு விரல் இடம்

இன்னொரு சிக்கல் அளவு சம்பந்தப்பட்டது. ஜன்னல் பொதுவாகச் சுவரின் வெளி விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி மாட்டப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலைச் சுற்றிச் சுவர் உள்பக்கமாக மடங்கிப் போகும். கட்டுமானத் துறையில் இதை ரிவீல் என்கிறார்கள். வெளிச்சுவருக்கு மட்டும் 10 செ.மீ. இன்சுலேஷன் போட்டுவிட்டு இந்த மடிப்பை விட்டுவிட்டால், ஜன்னலைச் சுற்றியுள்ள அந்தச் செங்கல் வழியாகக் குளிர் நேராக உள்ளே வரும். சுற்றிலும் சுவர் வெதுவெதுப்பாக, ஜன்னலைச் சுற்றி மட்டும் ஒரு குளிர்ந்த சட்டம். பூஞ்சை அந்தச் சட்டத்தில்தான் குடியேறும்.

அந்த மடிப்பிலும் குறைந்தது 2 முதல் 3 செ.மீ. இன்சுலேஷன் வர வேண்டும். அது வந்து உட்கார ஜன்னல் சட்டத்தில் இடம் வேண்டும். சுவர் வேலையை நினைக்காமல் வாங்கிய ஜன்னலில் சட்டம் மெலிதாக இருக்கும். அதன்மேல் 3 செ.மீ. ஏற்றினால் சட்டமே மறைந்துவிடும், கதவு திறக்காது. ஒட்டுபவர் என்ன செய்வார்? மடிப்பை விட்டுவிட்டு வெளிச்சுவரை மட்டும் முடித்துவிட்டுப் போய்விடுவார்.

எனவே நடைமுறையில் மூன்று வழிகள்.

இரண்டையும் சேர்த்துச் செய்வது. இதுவே சிறந்தது. புது ஜன்னலை வெளிப்பக்கமாக நகர்த்தி, இன்சுலேஷனை ஒட்டி வரும்படி மாட்டலாம். சட்டத்தின் மேல் இன்சுலேஷன் சற்று ஏறி மூடினால் குளிர்ப் பாதை கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். சாரம் கட்டும் செலவும் ஒரே முறை.

ஜன்னல் முதலில், சுவர் பின்னால். கையில் பணம் குறைவு என்றால் இதுவும் செய்யலாம். ஆனால் ஆர்டர் கொடுக்கும்போதே சுவருக்கு எத்தனை செ.மீ. வரப்போகிறது என்று முடிவு செய்திருக்க வேண்டும். சுற்றிலும் கூடுதல் சட்டம் வைத்த ஜன்னல் கேட்க வேண்டும். சுவர் வேலை முடியும் வரை காற்றோட்டத்தில் கவனம் வேண்டும்.

சுவர் முதலில், ஜன்னல் பின்னால். இருக்கும் ஜன்னல் நல்ல நிலையில், இன்னும் 10, 15 வருஷம் ஓடும் என்றால் மட்டும். இல்லையென்றால், பின்னாளில் ஜன்னலைப் பெயர்க்கும்போது ஓரத்துப் பூச்சும் சேர்ந்து உடையும். அந்த விரிசல் வழியாக மழைத்தண்ணீர் பலகைக்குப் பின்னால் இறங்கும்.

காற்றுக்கும் ஒரு வழி வேணுமே?

2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டில் நீண்ட காலம் இருந்த பூஞ்சையால் ஏற்பட்ட கடுமையான சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். அந்தக் குடியிருப்பில் காற்றோட்டம் போதவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது. அந்தக் குழந்தையின் பெயரால் அறியப்படும் சட்டம், 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஈரம், பூஞ்சைப் புகார்களை வீட்டு நிர்வாகம் குறிப்பிட்ட கெடுவுக்குள் கவனித்தாக வேண்டும்.

சொந்த வீட்டில் அந்த நிர்வாகம் நீங்கள்தான். வீட்டை இறுக்க மூடும் எந்த வேலையும் காற்றோட்டத் திட்டத்துடன் சேர்ந்தே வர வேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் ஈரக்காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி வேண்டும். படுக்கையறை, ஹால் ஜன்னல்களின் மேல் சட்டத்தில் டிரிக்கிள் வென்ட் எனப்படும் சின்னக் காற்றுத் துவாரம் வேண்டும். இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல், ஜன்னல் மாற்றும்போது காற்றோட்டம் முன்பைவிடக் குறையக் கூடாது என்ற விதி கடுமையாகியிருக்கிறது. "குளிர் காத்து வருது" என்று அந்தத் துவாரத்தை டேப் போட்டு ஒட்டுபவர்கள் உண்டு. பூஞ்சையை வரவேற்க அதைவிட எளிய வழி இல்லை. குழம்பு, சாம்பார், குக்கர் என்று ஆவி அதிகம் எழும் நம்மூர்ச் சமையலுக்கு நல்ல எக்ஸாஸ்ட் இன்னும் அவசியம்.

தண்ணி எங்கே போகும்?

வெளிச்சுவர் இன்சுலேஷனில் பிரச்சினைகள் தொடங்குவது பெரும்பாலும் பலகையின் நடுவில் இல்லை, ஓரங்களில்தான். பிரஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் 2013 வாக்கில் 300க்கும் மேற்பட்ட வீடுகளில் போட்ட இன்சுலேஷன் பெரும் தோல்வியில் முடிந்தது. மழைத்தண்ணீர் பலகைக்குப் பின்னால் புகுந்து, வீடுகள் ஈரமும் பூஞ்சையுமாகின. அதற்குப் பிறகுதான் பிரிட்டனில் இந்த வேலைக்கான தர விதிகள் பற்றிய பேச்சு சூடு பிடித்தது.

சுவர் 10 செ.மீ. தடிக்கும்போது வீட்டின் ஒவ்வொரு ஓரமும் மாறுகிறது. வேலைக்கு முன் இவற்றுக்கு வரைபடத்திலேயே பதில் இருக்க வேண்டும்:

• கூரை விளிம்பு: புதுச் சுவரையும் தாண்டிக் கூரை வெளியே நீள்கிறதா? இல்லையென்றால் நீட்ட வேண்டும். தகரப் பட்டையும் சிலிக்கான் பசையும் மட்டும் வைத்து ஒப்பேற்றினால் பசை காய்ந்ததும் ஒழுகும்.
• ஜன்னலின் அடிப்பலகை: புதுச் சுவரிலிருந்து சுமார் 4 செ.மீ.யாவது வெளியே நீள வேண்டும். அப்போதுதான் தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டும்.
• குழாய்கள்: மழைநீர்க் குழாய், கழிவுக் குழாய், டிஷ் ஆன்டெனா, வெளி விளக்கு எல்லாவற்றையும் கழற்றிப் புதுச் சுவரின் மேல் மாட்ட வேண்டும். குழாயைச் சுற்றி மட்டும் பலகையை வெட்டிவிட்டால், அந்தப் பள்ளம் முழுக்கக் குளிர்ப் பாதைதான்.
• கேஸ்: மீட்டர், பாய்லரின் புகைக் குழாய் இரண்டையும் கேஸ் சேஃப் பதிவு பெற்றவர்தான் தொட வேண்டும்.
• தரை மட்டம்: பழைய வீடுகளில் தரைக்கு மேல் சுமார் 15 செ.மீ. உயரத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கும் ஓர் அடுக்கு இருக்கும். சாதாரணப் பலகை அதற்குக் கீழே இறங்கினால் மண் ஈரம் மேலே ஏறப் பாலம் போட்டது போலாகும். அங்கே ஈரம் உறிஞ்சாத தனி வகைப் பலகை வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: சுவர் ஏற்கெனவே ஈரமாக இருக்கிறதா? உடைந்த மழைநீர்க் குழாய், பெயர்ந்த சாந்து, ஒழுகும் கூரை இவற்றைச் சரிசெய்து, சுவரைக் காயவிட்ட பிறகே மூட வேண்டும்.

எந்தப் பொருள் போடலாம்?

1.7 யு-வேல்யூ உள்ள சுவரை 0.3க்குக் கொண்டுவர, பாறைக் கம்பளி எனப்படும் மினரல் வுல் என்றால் சுமார் 10 செ.மீ. வேண்டும். சாம்பல் நிறத் தெர்மாகோல் வகை என்றால் சுமார் 9 செ.மீ. ஃபீனாலிக் பலகை என்றால் சுமார் 6 செ.மீ.

தெர்மாகோல் வகை மலிவு. மினரல் வுல் நீராவியை வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர்களுக்கு அது ஒத்துப்போகும். முக்கியமாக, அது எரியாது.

2017 ஜூன் 14இல் லண்டனின் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்திலும் வெளிச்சுவருக்குப் புது உறை போட்டு, ஜன்னல்களையும் மாற்றியிருந்தார்கள். சமையலறையில் பிடித்த தீ, வெப்பத்தில் உருகி வளைந்த பிளாஸ்டிக் ஜன்னல் ஓரம் வழியாகவே வெளி உறைக்குள் போயிருக்க வேண்டும் என்று விசாரணை ஆணையம் கண்டறிந்தது. அங்கே தீயை மேலே கொண்டுபோனது, நடுவில் பாலிஎத்திலீன் வைத்த அலுமினியப் பலகைகள். பூச்சு பூசிய இரண்டு மாடி வீட்டுடன் அதை நேராக ஒப்பிட முடியாது. ஆனால் ஜன்னலும் சுவரும் சேரும் இடத்தை யாரோ ஒருவர் பொறுப்பெடுத்து வடிவமைக்க வேண்டும் என்ற பாடம் சின்ன வீட்டுக்கும் பொருந்தும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய டெரஸ் வீடுகளில் எரியாத பொருள் நிம்மதி தரும்.

அனுமதி வாங்கணுமா?

இங்கிலாந்தில் சாதாரண வீட்டுக்கு, தோற்றம் பெரிதாக மாறாதவரை திட்ட அனுமதி பொதுவாகத் தேவைப்படாது. பாதுகாக்கப்பட்ட பகுதி, பாரம்பரியக் கட்டடம் என்றால் நிச்சயம் வேண்டும். முன்பக்கச் செங்கல் அழகை மறைக்கக் கூடாது என்று கவுன்சில் சொல்லிவிட்டால், முன்பக்கத்துக்கு உள் இன்சுலேஷன், பக்கவாட்டிலும் பின்பக்கமும் வெளி இன்சுலேஷன் என்று பிரித்துக்கொள்பவர்கள் உண்டு.

திட்ட அனுமதி வேண்டாம் என்றாலும் கட்டட விதிகளின் ஒப்புதல் வேறு விஷயம், அது வேண்டும். ஜன்னலுக்கு, ஃபென்சா போன்ற அமைப்பில் பதிவு பெற்ற நிறுவனம் மாட்டினால் அவர்களே சான்றிதழ் தந்துவிடுவார்கள். பின்னாளில் வீட்டை விற்கும்போது வக்கீல் முதலில் கேட்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று.

வீட்டு வாசலே நடைபாதையில் இருந்தால், தடித்த சுவர் பொது இடத்துக்குள் வரும்; கவுன்சிலைக் கேட்க வேண்டும். பக்கச் சுவர் அடுத்த வீட்டு மனைக்குள் நீண்டால் அவர்களின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். டெரஸ் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டால் சாரச் செலவும் குறையும், இரண்டு வீட்டுக்கும் நடுவே குளிர்ப் பாதையும் இருக்காது.

போட்ட பணம் திரும்ப வருமா?

நேர்மையான பதில்: கேஸ் பில்லை மட்டும் நம்பினால் மெதுவாகத்தான் வரும்.

மேலே சொன்ன வீட்டுக்கு, லண்டன் குளிரை வைத்துக் கணக்கிட்டால் சுவரில் வருஷத்துக்குச் சுமார் 5,400 யூனிட் வெப்பம் மிச்சமாகும். பழைய இரட்டைக் கண்ணாடியை மாற்றுவதில் சுமார் 1,000 யூனிட். கேஸ் யூனிட் 6 பென்ஸ் என்று வைத்து, பாய்லரின் இழப்பையும் சேர்த்தால் சுவரில் ஏறக்குறைய 360 பவுண்டு, ஜன்னலில் 70 பவுண்டு. நிஜத்தில் இதைவிடக் குறையலாம். முன்பு ஓர் அறையை மட்டும் சூடாக்கியவர்கள், பிறகு வீடு முழுக்கச் சூடாக்கத் தொடங்குவார்கள். முழு வீட்டுக்கு வெளிச்சுவர் வேலை பொதுவாகப் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும் என்பதால், பில்லில் மட்டும் முதலை எடுக்கப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

பிறகு எதற்குச் செய்கிறார்கள்? சுவர் 19 டிகிரியில் இருக்கும் அறையும் 16 டிகிரியில் இருக்கும் அறையும் உடம்புக்கு ஒன்றல்ல. அடுத்து, கேஸ் பாய்லரை விட்டு ஹீட் பம்புக்கு மாற நினைப்பவர்களுக்குச் சின்ன இயந்திரமே போதும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்புக்கு 7,500 பவுண்டு அரசு மானியம் இருக்கிறது. மூன்றாவது, எப்படியும் பூச்சு உதிர்ந்து, சாரம் கட்ட வேண்டிய நிலையில் உள்ள வீடு. அந்தச் செலவு வரத்தான் போகிறது. இன்சுலேஷனுக்கு ஆவது மேற்கொண்டுள்ள தொகை மட்டுமே.

வரியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பிரிட்டனில் இன்சுலேஷன் வேலைக்கு 2027 மார்ச் 31 வரை வாட் வரி பூஜ்யம். ஜன்னல் மாற்றுவதற்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால் பில்லில் இரண்டும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

யாரை நம்பிக் கொடுப்பது? என்ன கேட்பது?

2019இல் வெளிவந்த பாஸ் 2035 என்ற தர விதி, வீட்டை முழுதாகப் பார்த்துத் திட்டமிடச் சொல்கிறது. வீட்டை ஆய்வு செய்பவர், வடிவமைப்பவர், வேலை செய்பவர், எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பவர் என்று பொறுப்புகளைப் பிரிக்கிறது. மேலே சொன்ன 98 சதவீதத்தில் வந்த அரசுத் திட்டங்களுக்கும் இதே வகை விதிகள் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. காகிதத்தில் தரம் இருப்பது போதாது. வீட்டுக்காரரும் கேள்வி கேட்க வேண்டும்.

• ஜன்னல் மடிப்பு, கூரை விளிம்பு, தரை மட்டம் மூன்றுக்கும் என் வீட்டுக்கான வரைபடம் எங்கே?
• மடிப்பில் எத்தனை செ.மீ. இன்சுலேஷன் வரும்?
• காற்றோட்டத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? விசிறி எத்தனை, எங்கே?
• பலகை, பசை, ஆணி, பூச்சு எல்லாம் ஒரே தயாரிப்பாளரின் சான்று பெற்ற தொகுப்பா?
• உத்தரவாதம் எத்தனை வருஷம்? உங்கள் நிறுவனம் மூடிப்போனாலும் அது செல்லுமா?

"அதெல்லாம் வேலை நடக்கும்போது பாத்துக்கலாம் சார்" என்ற பதில் எந்த மொழியில் வந்தாலும், அடுத்த ஆளைத் தேட வேண்டும் என்று அர்த்தம். வாசல் மணியை அடித்து "உங்க வீட்டுக்கு இலவசமா வருது, இன்னைக்கே கையெழுத்து போடுங்க" என்பவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும்.

எப்போ தொடங்கலாம்?

வீட்டை ஆய்வு செய்யக் குளிர்காலமே நல்ல நேரம். உள்ளேயும் வெளியேயும் குறைந்தது 10 டிகிரி வித்தியாசம் இருந்தால், வெப்பக் கேமராவில் குளிர்ப் பாதைகள் பளிச்சென்று தெரியும். அப்போதே ஈரம் உள்ள இடங்களையும் குறித்துக்கொள்ளலாம். வசந்தத்தில் கூரை, குழாய் பழுது. அதற்குள் ஜன்னல் அளவெடுத்து ஆர்டர். சுவர் வேலை கோடையில். 5 டிகிரிக்குக் கீழேயும் மழையிலும் பூச்சு சரியாகப் பிடிக்காது என்பதால், "நவம்பர்ல முடிச்சுடலாம்" என்பவரை நம்ப வேண்டாம்.

வேலை நடக்கும்போது தினமும் சாயங்காலம் ஃபோனை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றிப் படமெடுத்து வையுங்கள். பலகைகளுக்கு நடுவே இடுக்கு இருக்கிறதா, ஜன்னல் மடிப்பு மூடியிருக்கிறதா, குழாய்களைச் சுற்றி என்ன செய்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சில நாட்கள்தான் கண்ணுக்குத் தெரியும். குறை இருந்தால் அன்றைக்கே சொல்லலாம். பூச்சு பூசிவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உடைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.